பன்னிரண்டு வோல்ட் கதவு

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில், படிக்கட்டுக் கதவை ஒட்டிய சுவரில், சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. கார்டைக் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து கதவு விடுபடும். செல்லாத கார்டு என்றால் சிவப்பு எரியும். அந்தப் பெட்டி வேலை செய்யத் தொடங்கிய நாள் காலையில் என் மாமனார் அதற்குச் சந்தனம் பூசி, நடுவில் தாராளமாகக் குங்குமம் வைத்தார். பொட்டு நேராகப் போய் அந்த விளக்கின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு பச்சை எரிகிறதா சிவப்பு எரிகிறதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வந்தவர்கள் எல்லோரும் கதவை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். கிரானைட் தரையில் தேங்காய் உடைத்தார்கள். ஒரு மூடி உருண்டு லிஃப்டுக்குள் போனது. பையில் பேனா செருகிய வெள்ளைச் சட்டையில் மாமா நிமிர்ந்து நின்று, "இனிமே நம்ம டவர்ல யாரு எப்போ எங்க போறாங்கன்றது நம்ம கையில இருக்கு" என்று அறிவித்தார். கூட்டம் கைதட்டியது. கேசரித் தட்டோடு பின்வரிசையில் நின்றிருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மாமாவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது கிளப் ஹவுஸ் வாசலில் பித்தளைத் தகட்டில், 'கௌரவத் தலைவர்' என்ற பட்டத்தோடு, வேண்டிய அளவுக்குப் பெரிதாகவே இருக்கிறது. போன மழைக்காலத்தில் அவர் இறந்தபோது அந்தக் கிளப் ஹவுஸிலேயே இரங்கல் கூட்டம் வைத்தார்கள். ஒருவர் பின் ஒருவராக எழுந்து, கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் அவர் நேர்மையைப் புகழ்ந்தார்கள். "சொந்த மருமகளுக்கே நோட்டீஸ் விட்டவர்" என்று நான்கு பேராவது சொல்லியிருப்பார்கள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, பெருமைப்படச் சொல்வதுபோலத் தலையை ஆட்டினார்கள். இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேச வேண்டும் என்பது முறை. அந்த வேலையை அவர்கள் குறைவில்லாமல் முடித்துவிட்டார்கள். மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

நான் செய்யும் வேலையும் அந்தக் கறுப்புப் பெட்டியைச் சேர்ந்ததுதான். கட்டடங்களுக்குக் குறைந்த மின்னழுத்த அமைப்புகளை வரைந்து கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறேன். ஃபேன், லிஃப்ட், தண்ணீர் மோட்டார் எல்லாம் பெரிய மின்சாரம் கேட்பவை. அவற்றை எலக்ட்ரிக்கல்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். பன்னிரண்டு வோல்ட், இருபத்துநான்கு வோல்ட் என்று ஓடும் சில்லறை மின்சாரம் எங்களுடையது: கேமரா, இன்டர்காம், புகையை மோப்பம் பிடிக்கும் கருவி, கூரையில் பதிக்கும் ஸ்பீக்கர், கார்டுக் கதவு. தொட்டால் ஷாக் அடிக்காது என்பதால் இதை யாரும் மதிப்பதில்லை. சைட்டில் எங்களைப் பொம்மைக் கடைக்காரர்களைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். ஆனால் லிஃப்டைத் தூக்குவதுதான் பெரிய மின்சாரத்தின் வேலை. அந்த லிஃப்டில் யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்பதைச் சில்லறை மின்சாரம் முடிவு செய்கிறது. யாரைக் கண்காணிப்பது, யாருடைய குரலை மாடிதோறும் கேட்கவைப்பது, யாரை எந்த வாசலில் நிறுத்துவது எல்லாமே அதன் கையில். அதனால்தான் அற்ப மனிதர்களுக்கு இதன்மேல் அப்படியொரு ஆசை. ஒரு டிரான்ஸ்ஃபார்மரை வைத்துக்கொண்டு எவரும் கர்வப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒரு கார்டுப் பெட்டி கிடைத்தால் போதும், ராஜாவாகிவிடுகிறார்கள்.

மாமா அந்த ஆசையைச் சும்மா பிடித்துக்கொள்ளவில்லை. ஓர் அரசுத் தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் வேலையைத் தொடங்கி, அங்கேயே ஓய்வும் பெற்றவர் அவர். சங்கு ஊதியதும் கேட்டை மூட வைத்து, ஓடிவரும் தொழிலாளியை வெளியே நிறுத்தி, கடிகாரத்தைக் காட்டுவதுதான் அவர் வாழ்நாள் உத்தியோகம். காக்ஸ் டவுனில் வாடகை வீட்டில் இருந்த நாள்களைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் அதில் அக்கம்பக்கம் இருக்காது, தெரு இருக்காது, இறந்துபோன மாமியார்கூட இருக்கமாட்டார். கேட்டுக்கு வெளியே எத்தனை பேர் எப்படிக் கெஞ்சினார்கள் என்பதுதான் இருக்கும். மழையில் நனைந்தபடி ஒருவன் அழுதானாம்; இவர் குடைக்குள் நின்று விதியைப் படித்துக் காட்டினாராம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு குளிர்ச்சி வரும். கல்யாணமான புதிதில் அதை நான் வயதானவரின் பழங்கதை என்று நினைத்தேன். ஓய்வு பெற்றதும் கேட் கையை விட்டுப் போய்விட்டது. ஆனேக்கல் சாலையில் நாங்கள் வாங்கிய இந்தக் குடியிருப்பில் சங்கத் தலைவர் தேர்தல் வந்தபோது அவருக்கு அது திரும்பக் கிடைத்தது.

அவர் கொண்டுவந்த திட்டம் இதுதான். வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கு மஞ்சள் பட்டையில் கார்டு. குடியிருப்பவர்களுக்கு நீலப் பட்டை. மஞ்சள் கார்டு காலையில் உயிர்பெற்று நண்பகல் பன்னிரண்டுக்குச் செத்துவிடும். பிறகு நான்கு மணிக்கு உயிர்பெறும். இடைப்பட்ட நேரத்தில் வேலைக்காரப் பெண்கள் யாரும் வளாகத்துக்குள் இருக்கக்கூடாது. எவள் கார்டாவது வெளியேறவில்லை என்று கணினி காட்டினால், காவலர் வந்து அழைத்துப் போவார். காரணம், அவர்கள் மதியத்தில் பூங்காவின் புங்க மரத்தடியில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்களாம். அது 'வளாகத்தின் தோற்றத்துக்கு' நன்றாக இல்லையாம். பெரிய லிஃப்டில் அவர்கள் ஏறக்கூடாது, சரக்கு லிஃப்டில்தான் வர வேண்டும். அது பழுதானால் படிக்கட்டு. படிக்கட்டின் எல்லாத் தளத்துக் கதவுகளுக்கும், தரைத்தளத்தில் வெளியே விடும் கதவுக்கும்கூடக் காந்தப் பூட்டு. நீலக் கார்டுக்காரர்கள் தங்கள் கார்டால் மஞ்சள் கார்டுக்காரர்களுக்குக் கதவு திறந்துவிடுவது குற்றம். வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்ட அன்று கும்பிடு போடும் கைகளாக வந்து விழுந்தன. ஐடி கம்பெனிகளில் சமத்துவத்தைப் பற்றிப் பயிற்சி வகுப்பு எடுக்கிற பெண் ஒருத்தி முதல் கும்பிடு போட்டிருந்தாள்.

நான் சும்மா இருக்கவில்லை. காந்தப் பூட்டு என்பது பன்னிரண்டு வோல்ட்டில் இயங்கும் ஒரு இரும்புத் துண்டு. ஆனால் இரண்டு ஆள் சேர்ந்து இழுத்தாலும் அசையாது. அதனால் படிக்கட்டுப் பக்கம் ஒரு பட்டன் கட்டாயம் இருக்க வேண்டும், உள்ளே இருப்பவர் யாரானாலும் அமுக்கி வெளியே வர முடிய வேண்டும். இந்தத் தொழிலில் இதற்கு மேல் அரிச்சுவடி கிடையாது. சாப்பாட்டு மேசையில் காகிதம் விரித்து வரைந்தே காட்டினேன். மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஏம்மா, உள்ள இருந்து வெளிய வர்றதுக்குப் பட்டன் வச்சிட்டா, அப்புறம் கார்டு எதுக்கு? கழுத்துல மாட்டிக்கிட்டு அழகு பாக்கவா?"

"தீ கீ புடிச்சா என்ன பண்ணுவாங்க மாமா?"

"தீ புடிச்சா தானா திறக்கும்னு கான்ட்ராக்டர் சொல்லிட்டான். நீ பேப்பர்ல கோடு போடுறவ. நான் ஆளுங்களைப் பாத்தவன். பட்டன் இருக்குன்னு தெரிஞ்சா அதுங்க நாள் முழுக்க ஏறி எறங்கிக்கிட்டே இருக்கும்."

பெண்களை 'அதுங்க' என்று சொல்கிற வாய் அது. என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டு, "விடேன், அப்பா விசாரிச்சுட்டுத்தான் செய்வாரு" என்றார். மாமா விசாரிக்கிற லட்சணம் எனக்குத் தெரியும். தனக்குச் சரி என்று பட்டதைத் திருப்பிச் சொல்கிற ஆளைத் தேடிப் போவார்; அதற்குப் பெயர் விசாரணை.

எங்கள் வீட்டுக்கு வருகிறவள் செல்வராணி. ஓசூருக்கு அந்தப் பக்கம் சொந்த ஊர். ஆனேக்கல் பக்கம் லைன் வீட்டில் இருக்கிறாள். என்னைவிடச் சின்னவள். எங்கள் டவரிலேயே ஆறு வீடுகளில் வேலை. வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம், இழுப்பு உண்டு. குளிர்காலத்திலும் பெயின்ட் வாசனையிலும் மூச்சு வாங்கும், பம்ப் வைத்துக்கொள்வாள். ஆனால் பைகளை கேட்டில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று மாமா இன்னொரு விதி போட்டிருந்ததால், பம்ப் பையோடு கேட்டிலேயே கிடக்கும். "அவசரம்னா ஓடிவந்து எடுத்துக்கட்டும்" என்பது அவருடைய தீர்வு. மூச்சுத் திணறுகிறவள் எப்படி ஓடுவாள் என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்தே வாழ்ந்தவருக்கு அந்தக் கேள்வி புரியாது.

அது ஒரு சனிக்கிழமை. சரக்கு லிஃப்ட் நின்றுபோயிருந்தது. படிக்கட்டின் கைப்பிடிகளுக்கு அந்த வாரம்தான் பெயின்ட் அடித்திருந்தார்கள். செல்வராணி எங்கள் வீட்டில் சமைத்துவிட்டு, ஒன்பதாவது மாடியில் கடைசி வீட்டை முடித்துக்கொண்டு, பன்னிரண்டு ஆவதற்குக் கொஞ்சம் முன்பு படிக்கட்டுக் கதவைக் கார்டால் திறந்து உள்ளே போனாள். கீழே இறங்கி வருவதற்குள் பன்னிரண்டு ஆகிவிட்டது. கார்டு செத்துவிட்டது. கீழ்க்கதவும் திறக்கவில்லை, மேலே ஏறிப் போனால் எந்தத் தளத்துக் கதவும் திறக்காது. அந்தக் கான்கிரீட் கூண்டுக்குள் செல்போன் சிக்னலும் கிடையாது. ஆனால் கேமரா உண்டு. அது மட்டும் மூலைக்கு மூலை உண்டு.

நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மாமாவின் போன் தட்டுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரில் இருந்தது; சாப்பிடும்போதும் அதை விடமாட்டார். கேமரா அறையில் இருந்த காவலர் பேசினார். கோலார் பக்கத்துக்காரர், கன்னடமும் தமிழும் கலந்துதான் பேசுவார்.

"சார், கீழ படிக்கட்டுல ஒரு லேடி மாட்டிக்கிட்டாங்க. பாகிலு தட்டிக்கிட்டே இருக்காங்க. ஓபன் மாட்லா சார்?"

"டைம் என்ன?"

"பன்னண்டு தாண்டிடுச்சு சார்."

"கார்டுல என்ன டைம் போட்டிருக்குன்னு தெரிஞ்சுதானே உள்ள போனா? திறக்காதே. நாலு மணிக்குக் கார்டு தானா வேலை செய்யும். ஒரு தடவை பட்டாத்தான் புத்தி வரும்."

அவர் விரலைத் துடைத்துவிட்டு போனில் கேமரா படத்தைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். மேலிருந்து எடுக்கும் படம். தலையும் தோளும்தான் தெரியும். ஆனாலும் கொண்டையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவள் கதவைத் தட்டுவதும், திரும்பி நின்று கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டுவதுமாக இருந்தாள். அதில் ஒலி கிடையாது. வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

"மாமா, இது நம்ம செல்வராணி."

"யாரா இருந்தா என்னம்மா? நம்ம வீட்டு ஆளுன்னு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"அவளுக்கு இழுப்பு இருக்கு. உள்ள பெயின்ட் நாத்தம்."

போனிலிருந்து காவலரின் குரல் மறுபடியும் வந்தது. "சார், அவங்க உக்காந்துட்டாங்க சார்."

"உக்காரட்டும்" என்றார் மாமா. பிறகு என்னைப் பார்த்து, "மோர் இருக்காம்மா?" என்று கேட்டார்.

அவர் தட்டில் இருந்த பீன்ஸ் பொரியல் அவள் நறுக்கி, அவள் தாளித்தது. ரசம் அவள் வைத்தது. அதைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே, அவள் மூச்சுக்குத் தவிப்பதை ஆறங்குலத் திரையில் பார்த்துக்கொண்டு, மோர் கேட்டார். நான் என் நீலக் கார்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். பின்னாலிருந்து, "கார்டை யூஸ் பண்ணாதே, சொல்லிட்டேன்" என்ற குரல் கேட்டது. கீழே கார்டைக் காட்டிக் கதவை இழுத்ததும் பெயின்ட் நெடி முகத்தில் அடித்தது. செல்வராணி கடைசிப் படியில் சுவரில் சாய்ந்து, நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. நானும் காவலரும் சேர்ந்து அவளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்தோம். அந்தக் காவலர் தன் வேலை போனாலும் போகட்டும் என்று கேமரா அறையை விட்டுவிட்டு வந்திருந்தார். அவரே ஓடிப்போய் கேட்டிலிருந்து அவள் பையைக் கொண்டுவந்தார். பம்பை இரண்டு முறை இழுத்து, கொஞ்சம் மூச்சு வந்த பிறகு செல்வராணி சொன்ன முதல் வார்த்தை இது: "நான்தான் கார்டைச் சரியாக் காட்டலையோ என்னமோக்கா. திருப்பித் திருப்பிக் காட்டினேன்."

அதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் அடக்க முடியவில்லை. ஒரு மனுஷியைக் கூண்டில் அடைத்ததோடு விடவில்லை, தப்பு தன்னுடையதுதான் என்று அவளையே நினைக்கவும் வைத்துவிட்டார்கள். மாலையில் வாட்ஸ்அப் குழுவில் நோட்டீஸ் வந்தது. சங்கத் தலைவரிடமிருந்து, இன்ன எண் வீட்டில் குடியிருக்கும் இன்னாருக்கு: குடியிருப்பவர் கார்டைப் பணியாளருக்காகப் பயன்படுத்தியது விதிமீறல், விளக்கம் தரவும். ஒரே கூரைக்கடியில், அடுத்த அறையில், லுங்கியோடு கட்டிலில் சாய்ந்துகொண்டு அதை அனுப்பினார். கும்பிடுகள் குவிந்தன. 'இப்படியொரு தலைவர் கிடைக்க நாம் கொடுத்து வைத்திருக்க வேண்டும்' என்று ஒருவர் எழுதினார். செல்வராணிக்கு மூச்சு வந்ததா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் விளக்கம் எழுதினேன், பட்டன் வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் பேசினேன். அதற்கு மாமா ஒரு நிவாரணம் அறிவித்தார். பட்டன் அல்ல; தன் குரலைப் பதிவு செய்து, நண்பகலுக்கு முன்னால் எல்லா மாடிகளின் ஸ்பீக்கரிலும் ஒலிக்கவிட்டார். "பணியாளர்கள் கவனத்திற்கு" என்று தமிழில் தொடங்கி, கன்னடத்தில் தடுமாறி, ஆங்கிலத்தில் மிடுக்காக முடியும். அந்தப் பதிவு இப்போதும் தினமும் ஒலிக்கிறது. செத்தவர் குரல் என்று குழந்தைகள் பயப்படுகின்றன. நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

பட்டனும் பிறகு வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்தாவது மாடிக்காரர்கள் வளர்க்கும் குட்டை மூக்கு நாய் ஒருநாள் படிக்கட்டில் மாட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம்தான், ஆனால் குழுவில் ஒரே அமளி, கண்ணீர், மனிதாபிமானம் என்றெல்லாம் பேச்சு. அந்த வாரமே எல்லாத் தளத்திலும் பட்டன் பொருத்திவிட்டார்கள். நாய் பட்டனை அமுக்காது என்பதை நான் சுட்டிக்காட்டவில்லை. இவர்களிடம் பேசி என்ன ஆகப்போகிறது? பன்னிரண்டு மணி விதி மட்டும் அப்படியே இருந்தது.

செல்வராணி சில நாள் வராமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். "ஆறு வூட்டை விட்டுட்டு எங்கக்கா போறது? சும்னே வீம்பு பண்ணி என்ன ஆவப் போவுது" என்றாள். மாமாவைக் கண்டால் பேசமாட்டாள். அவரும் அவளைக் கண்டதாகக் காட்டிக்கொள்ளமாட்டார். இப்படியே காலம் போனது. தலைவர் பதவி வேறொருவருக்குப் போய், மாமா 'கௌரவத் தலைவர்' ஆனார். பிறகு ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பும் வலது மணிக்கட்டும் உடைந்து படுக்கையில் விழுந்துவிட்டார். வாய் மட்டும் பழையபடியே இருந்தது. ஏஜென்சி அனுப்பிய இரண்டு பெண்களை, எந்த ஊர், எந்த ஜாதி, யார் வீட்டில் இருந்தாய் என்று குடைந்தெடுத்து விரட்டினார். என் கணவர் அப்போது வேலையாக வெளிநாட்டில் இருந்தார். அங்கிருந்து தினமும் வீடியோவில் வந்து கண் கலங்குவார். காலையிலும் மாலையிலும் நான் பார்த்துக்கொண்டேன். மதியம்தான் சிக்கல். நான் சைட்டில் இருப்பேன். இடது கையால் சாப்பிடமாட்டார், அது அவருடைய இன்னொரு கொள்கை. யாராவது வந்து ஊட்ட வேண்டும், திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், பெட்பேன் வைக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் மஞ்சள் கார்டு செத்துக் கிடக்கும்.

புதிய தலைவரிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதர்தான், முதுகெலும்பு மட்டும் கிடையாது. "சாரே போட்ட ரூல் மேடம். சார் ஒரு வார்த்தை சொன்னா உங்க வீட்டுக்கு மட்டும் ரிலாக்ஸ் பண்ணிடலாம்" என்றார். வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். படுத்தபடியே அவர் மார்பு விரிந்ததைப் பார்க்க வேண்டும். "என் வீட்டுக்குன்னு தனி ரூலா? ஊரு சிரிக்காதா? வேண்டாம்மா. நாலு மணி வரைக்கும் நான் சமாளிச்சுக்குவேன்" என்றார். அதோடு நிற்கவில்லை, அதையே குழுவில் குரல் செய்தியாகவும் போட்டார். மறுபடியும் கும்பிடு மழை. அவர் சமாளித்தது எப்படி என்றால், நான் தினமும் மதியம் சைட்டிலிருந்து சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தேன், ஊட்டிவிட்டுத் திரும்பிப் போனேன். என் மேலதிகாரி இரண்டு முறை பொறுத்தார், மூன்றாவது முறை அறைக்குக் கூப்பிட்டார். வர முடியாமல்போன ஒருநாள், மாலையில் வந்து பார்த்தால் டிபன் பாக்ஸ் திறக்காமலே இருந்தது, படுக்கை நனைந்திருந்தது. "ஒண்ணும் கஷ்டமில்லம்மா" என்றார். சுத்தம் செய்தேன். எனக்குப் பரிதாபம் வரவில்லை. அவருடைய கொள்கைக்கு நான் கூலியில்லாமல் வேலை பார்க்கிறேன் என்ற எரிச்சல்தான் வந்தது.

செல்வராணியைத்தான் கேட்டேன். வேறு யாரையும் அவர் விட்டுவைக்கவில்லை. கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. என் கணவரின் கார்டு வீட்டில் சும்மா கிடந்தது. அதை நான் வைத்துக்கொண்டு, என் நீலக் கார்டை அவளிடம் கொடுப்பதாகச் சொன்னேன். காலை வேலை முடிந்ததும் தன் கார்டில் ஒழுங்காக வெளியே போய்விட்டு, மதியம் என் கார்டில் உள்ளே வரலாம். கேட்டில் இருக்கும் திரையில் என் போட்டோ வரும். அது அந்தக் கோலார்க்காரர் பார்க்கும் திரை. அவர் பார்க்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். செல்வராணி துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு யோசித்தாள்.

"வரேன்க்கா. உங்களுக்காகத்தான். ஆனா ரெண்டு விஷயம். படிக்கட்டுல காலு வைக்கமாட்டேன், உங்க லிஃப்ட்லதான் வருவேன். இன்னொன்னு, இந்நேரத்துக்கு எப்படி உள்ள வந்தேன்னு அவரு என்னை ஒரு வார்த்தை கேட்டாரு, கிண்ணத்தை அப்படியே வச்சிட்டுப் போயிடுவேன். அப்புறம் நீங்க கூப்பிடக் கூடாது."

சரி என்றேன். முதல் நாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். அவர் கேட்டுவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு விதியை மீறியவரைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்ததாக அவர் வாழ்க்கையில் ஒரு நாளும் கிடையாது. கேட்டால் அவள் போய்விடுவாள். நான் வேலையை விட வேண்டியதுதான். இருந்தும், உண்மையைச் சொல்கிறேன், அவர் கேட்க வேண்டும் என்று எனக்குள் ஓர் ஆசையும் இருந்தது. மழையில் நின்றவனுக்கும் விதியைப் படித்துக் காட்டிய மனிதர். பட்டினி கிடந்தாலும் அதே விதியைத் தனக்கும் படித்துக்கொண்டார் என்றால், அந்த ஒன்றுக்காகவாவது அவரை மதித்துவிடலாம் என்று நினைத்தேன்.

லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. செல்வராணி உள்ளே வந்தாள். கை கழுவி, குழைந்த ரசஞ்சாதத்தைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மாமாவின் அறைக்குப் போனாள். நான் வாசற்படியில் நின்றேன். கட்டில் ஓரத்தில் அவள் உட்கார்ந்ததும் மாமா கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார். எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவள் கழுத்தில் தொங்கிய நீலப் பட்டையை மெதுவாக, மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அதில் இருந்த என் போட்டோ அவர் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. செல்வராணியும் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா வாயைத் திறந்தார். கேட்கப்போகிறார் என்றே நினைத்தேன். செல்வராணியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கிண்ணத்தை மேசைமேல் வைக்கக் கையை நீட்டிவிட்டாள். ஆனால் சத்தம் எதுவும் வரவில்லை. திறந்த வாயை மூடாமல், கூரையைப் பார்த்தபடி அவர் காத்துக்கொண்டிருந்தார்.